பிளேவியாவின் பின்னால் வந்த மணல்மேடு

மாதா திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் காலையில், என் அக்கா மிக்கேலம்மாள் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது, கடற்கரையில் நிற்கவேண்டிய மணல்மேடு தெற்குத் தெருவுக்குள் வந்து, அவள் வீட்டுக்கு எதிரே வலை காயப்போடும் பொட்டலில், கட்டிப்போட்ட எருமை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அக்கா அதை மேலும் கீழும் பார்த்தாள். கையிலிருந்த வாளித் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் அதன் மேலேயே தெளித்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி பிளேவியா, எந்திரி, உன்னத் தேடி வந்திருக்கு," என்றாள். ஊரில் இத்தனை பிள்ளைகள் இருக்க, தன் மகளைத் தேடித்தான் வந்திருக்கிறதென்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். இதில் தெரிய என்ன இருக்கிறது? முந்தின நாள் அந்த மேட்டை மொட்டையடித்தவள் அவள்தானே.

நான் ரெஜினாள். புன்னைத்துறைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுவது என் தொழில். கூவிக் கூவிப் பெருத்த குரல், சாதாரணமாகச் சொல்வதே சண்டை பிடிப்பதுபோல இருக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் அந்த மேடு எப்போதிருந்து நின்றது என்று யாருக்கும் தெரியாது. நின்றது, அவ்வளவுதான். கடல் பொங்கி வந்தால் அதன் காலடியில் முட்டிவிட்டுத் திரும்பிப்போகும், நாங்கள் இந்தப் பக்கம் குழம்பு கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். சில வருஷங்களாக அதன் மேல் சீமை உடை முளைத்து, அடும்புக்கொடியை அமுக்கி, ஏறுகிற பிள்ளைகளின் காலைக் குத்தி, சரிவு முழுக்கப் படர்ந்துவிட்டது. சீமைக்கருவேலம் என்று படித்தவர்கள் சொல்கிற அதே சனியன்தான். அதைப் பிடுங்கி எறிவதென்று பங்கு இளையோர் சபையில் முடிவெடுத்தார்கள். சும்மா பிடுங்கச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் பிடுங்குவார்களா? பங்குச்சாமி ஒரு யோசனை செய்தார். வடக்குத் தெருப் பிள்ளைகள் ஒரு குவியல், தெற்குத் தெருப் பிள்ளைகள் ஒரு குவியல், எந்தக் குவியல் உயரமோ அந்தத் தெருவுக்குத் திருவிழா அன்று மாதா சப்பரம் முதலில் வரும் என்று பூசையில் அறிவித்தார். அதோடு சரி, பிள்ளைகள் சோறு தண்ணியை மறந்தார்கள்.

வடக்குத் தெருவில் பையன்கள் அதிகம், கடப்பாரை அதிகம், டிராக்டர்கூட ஒன்று உண்டு. தெற்குத் தெருக் கூட்டத்துக்குத் தலைவி என் அக்கா மகள் பிளேவியா. ஐடிஐயில் வெல்டிங் படித்தவள், கட்டை குட்டையாக இருப்பாள், தோற்றுப்போவது என்றால் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே காய்ச்சல் வந்துவிடும். பகல் சாயும்போது வடக்குக் குவியல் ஆள் உயரம் தாண்டிவிட்டது, இவர்களுடையது இடுப்பளவுதான். பிளேவியா மேட்டைச் சுற்றிப் பார்த்தாள். முள்மரம் எல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது மேட்டின் உச்சியிலும் தோளிலும் விறைத்துக்கொண்டு நிற்கிற இராவணன் மீசைப் புல் மட்டுந்தான், அதுவும் ஊசி மாதிரி குத்துகிற சாமான். "முள்ளுள்ள செடியெல்லாம் பிடுங்கணும்னுதானே சாமி சொன்னாக? இதுவும் குத்தத்தானே செய்யுது?" என்றாள். மற்றப் பிள்ளைகள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு உள்ளங்கையில் ரத்தத்தோடு பின்வாங்கினார்கள். இவள் வீட்டுக்கு ஓடிப்போய் வெல்டிங் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து, ஒற்றை ஆளாக, மணலுக்குள் கயிறு கயிறாய் ஓடின அத்தனை வேரையும் இழுத்துப் போட்டாள். அந்தப் புல் அமுங்காது, நாலு கட்டுப் போட்டாலே பொம்மென்று நிற்கும். தெற்குக் குவியல் வடக்கைத் தாண்டியது. எல்லாவற்றையும் தீவைத்துக் கொளுத்திவிட்டுக் கொடியேற்றத்துக்குக் குளித்துப் போனார்கள். சப்பரம் எங்கள் தெருவுக்கு என்று நானும் நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு திரிந்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

மறுநாள்தான் மேடு வந்து நின்றது.

அது நடந்து யாரும் பார்த்ததில்லை. நீங்கள் பார்க்கும்போது அது நின்றுகொண்டுதான் இருக்கும், பிளேவியா ரேஷன் கடைக்குப் போவாள், திரும்பிப் பார்த்தால் ரேஷன் கடைப் பக்கத்தில் நிற்கும், கோயிலுக்குப் போவாள், கோயில் வாசலில் நிற்கும், வீட்டைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனால் கிணற்றுக்கு அந்தப் பக்கம் சரிந்து இடம் பண்ணிக்கொண்டு நிற்கும். ஒரு சுவரை இடித்தது கிடையாது, ஒரு கோழிக்குஞ்சை நசுக்கியது கிடையாது. சோற்றில் மணல் விழுந்தது உண்மை. அதற்கும் நாங்கள் பழகிக்கொண்டோம்; மண்ணைத் தின்றுதான் வளர்ந்தோம், இப்போது என்ன புதுசாய்.

ஊர் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பெண்கள் நெத்திலியை அதன் சரிவில் காயப்போட்டார்கள், ஆனால் பிளேவியா எங்கேயும் கிளம்பக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவைத்துவிட்டுத்தான், இல்லாவிட்டால் கருவாடும் கூடவே தபாலாபீஸ் வரைக்கும் போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழுக்கி விளையாட வந்தார்கள். பங்குச்சாமி பூசை முடிவில், திருமண அறிவிப்புகளோடு சேர்த்து, பிளேவியா பலிபீடத்துக்குப் பக்கத்து வாசலில் உட்காரவேண்டாம், பின்வாசலில் உட்காரட்டும், மேடு பாட்டுக் குழுவின் காற்றை மறைக்கிறது என்று அறிவித்தார். கிராம அதிகாரி வந்து புறம்போக்கு மணல் பட்டா நிலத்தில் நிற்கிறதே என்று முகத்தைச் சுளித்தார், அக்கா மோர் கொடுத்தாள், குடித்துவிட்டுப் போனார். சப்பரம் அன்று வாக்குப்படி முதலில் எங்கள் தெருவுக்கு வந்தது. மாதாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் மேட்டைக் கண்டதும் ஒதுங்கி, அதுவும் ஒரு பெரிய மனுஷர் என்பதுபோல, கொஞ்சம் சப்பரத்தைத் தாழ்த்திவிட்டுக் கடந்தார்கள்.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது, பிளேவியா தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுகிற வரைக்கும்.

அவளுக்குக் கொச்சிப் பக்கம் கப்பல் கட்டும் கம்பெனி ஒன்றில் வெல்டராக வேலை கிடைத்திருந்தது. எங்கள் ஊரில் கப்பலுக்குப் போன ஆம்பிளைகள் தெருவுக்கு நாலு பேர் உண்டு, கப்பலைக் கட்டப் போகிற பொம்பிளை இவள் ஒருத்திதான். அப்பன் இல்லாத பிள்ளை, பட்டறையில் ஆம்பிளைப் பையன்கள் சிரிக்கச் சிரிக்க நின்று படித்தவள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மருத்துவச் சான்று வாங்கத்தான் அன்று பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன். பஸ் ஊரெல்லையைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறும்போது பின்னால் ஒரே ஹாரன் சத்தம். மேடு ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதற்குப் பின்னால் உப்பு லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

கண்டக்டர் எங்களிடம் வந்தார். நல்ல மனுஷர், எங்கள் ஊர் வழியில் வெகு காலமாக ஓடுகிறவர்.

"எம்மா, இது உங்க மேடா?"

"ஆமா அண்ணாச்சி," என்றாள் பிளேவியா.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. ஆனா இதுக்கு நான் டிக்கெட் போட முடியாது, லக்கேஜ்லயும் சேராது. நீ இறங்கிரு தாயி."

இறங்கி நடந்தோம். வழியெல்லாம் மேடு பின்னாலேயே வந்தது. ஊர் எல்லையில் வைத்து, "சித்தி, நான் போகவே முடியாது என்ன?" என்று கேட்டாள். போகலாம்டி, என்னமாவது பண்ணலாம் என்றேன். என்ன பண்ணுவதென்று எனக்கு மட்டும் தெரியுமா.

ஊருக்கும் அன்றைக்குத்தான் விஷயம் உறைத்தது. பிளேவியா போனால் மேடு போகும், மேடு போனால் கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. ஏற்கெனவே மேடு நின்ற இடம் வழியாக அலை ஏறி ஐஸ் கம்பெனிச் சுவரை நக்கிவிட்டுப் போயிருந்தது. கடல் ஏறுகிற அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால், பிளேவியாவைக் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், அவள் உட்கார்ந்தால் மேடும் அங்கே உட்காரும். அவளுக்கு டீ, வடை, குடை எல்லாம் ஊர்க் கமிட்டிச் செலவு. ஐப்பசி மழை இன்னும் தொடங்கவேயில்லை.

கமிட்டித் தலைவர் தொம்மை என் அக்கா வீட்டுக்கு வந்தார்.

"மிக்கேலு, பிள்ளைய அவ்வளவு தூரம் எதுக்கு அனுப்புத? என் தங்கச்சி மவன் கிளாட்வின் இருக்கான், சொந்தமா போட் இருக்கு. கடக்கரையிலயே ஒரு வீடு கட்டிக் குடுத்திருவோம். பிள்ளையும் கண்ணுக்கு முன்னால இருக்கும், மேடும் நிக்க வேண்டிய எடத்துல நிக்கும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சும்மா இருப்பேனா?

"அண்ணாச்சி, உங்க மருமவன் தாலி கட்டப்போறது பிள்ளைக்கா, மேட்டுக்கா?"

"ரெஜினா, நீ ஏலத்துல பேசுத மாதிரி இங்கன பேசாத. ஊர் நல்லதுக்குச் சொல்லுதேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் வீடுதான் கடலுக்கு முதல் வீடு. தெருப் பெண்களும் அப்படித்தான் பேசத் தொடங்கினார்கள், பிடுங்கினவள் இருந்து பார்க்கட்டும், ஒரு பிள்ளை கொச்சிக்குப் போகணும் என்பதற்காக ஊரே கடலுக்குள் போகவா என்று. சப்பரம் வந்த அன்று அவளைத் தோளில் தூக்கினவர்களும் அதில் உண்டு.

அடுத்த கிழமை சிலுவைமுனையிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். சிலுவைமுனை எங்களுக்கு வடக்கே பக்கத்து ஊர், கடல் அரித்து ஒரு தெருவே போய்விட்டது, அவர்கள் கல்லறைத் தோட்டம் பாதி நாள் தண்ணீருக்கடியில் கிடக்கும். பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு பவுலீனம்மாள் என்கிற பெண் தலைமையில் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை அவளுடைய மகன், சவுதியில் ஏசி மெக்கானிக். சீதனம் வேண்டாமாம், நகை வேண்டாமாம், பாத்திரம் பண்டம்கூட வேண்டாமாம். மாப்பிள்ளை வர ரெண்டு வருஷம் ஆகும், ஆனால் பிள்ளையை இப்போதே அனுப்பிவைத்தால் மகள் மாதிரிப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். எங்கள் கடற்கரையில் சீதனம் வேண்டாம் என்று ஒரு வாய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பொண்ணு பார்க்க வந்தவர்கள் ஒருத்தரும் பொண்ணைப் பார்க்கவில்லை, எல்லோர் கண்ணும் ஜன்னல் வழியாகப் பொட்டலில்தான் இருந்தது.

பிளேவியா டீ கொண்டுவந்தாள். "மாமி, மேட்டுக்கும் ஒரு கிளாஸ் ஊத்தவா?" என்று கேட்டாள்.

வந்தவர்கள் முகம் சுண்டியது. பவுலீனம்மாள் மட்டும் கோபப்படவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு, நேராகவே சொன்னாள்.

"பொய் சொல்ல மாட்டேன் மவளே. எனக்கு அந்த மேடுதான் வேணும். எங்க வீட்டுக்காரரப் பொதைச்ச எடத்துல இப்பம் நண்டு ஓடுது. கல்லறைத் திருநாளுக்கு எல்லா ஊர்லயும் மெழுவுதிரி கொளுத்துதாவ, நான் கடலப் பாத்துக்கிட்டு நிக்கேன். என்ன செய்யச் சொல்லுத?"

வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் பிளேவியா கடற்கரையில், மேடு முன்பு நின்ற இடத்தில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் துணைக்கு. பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்தோம், மேடும் வந்தது. நாலு எட்டு வந்ததும் அவள் நின்று திரும்பி, "சித்தி, அது வரல பாரு," என்றாள். மேடு வந்துதான் இருந்தது. அவள் காட்டியது கடற்கரையில், மேடு விட்டுப்போன வெறும் இடத்தில், ஒரு சோற்றுப் பானை அளவு மணல் தனியாகக் குவிந்து நின்றதை. அதன் மேல் இராவணன் மீசை ஒரு குத்து இருந்தது, அவள் இழுத்தபோது அறுந்து அடியில் கிடந்த வேர் திரும்பத் துளிர்த்திருக்கிறது. அந்த ஒரு குத்துப் புல் பிடித்திருந்த மணல் மட்டும் அவள் பின்னால் வரவில்லை. அவள் அதைச் சுற்றி நடந்தாள், ஓடிப்பார்த்தாள், கூப்பிட்டும் பார்த்தாள். அது அசையவில்லை. பிளேவியா அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் பிடுங்கினத நானே நட்டுட்டா போதும் சித்தி," என்றாள், சிரிப்பும் அழுகையுமாக.

நடுவதற்குப் புல்? பிடுங்கியதைத்தான் கொளுத்திவிட்டோமே. தேடிப்பார்த்ததில் சுற்றுவட்டாரத்தில் அது காடாக இருந்தது ஒரே இடத்தில்: சிலுவைமுனைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தெற்கே, கடல் இன்னும் தொடாத ஒரு கீற்று நிலத்தில்.

எங்கள் கமிட்டி போய்க் கேட்டது. பொண்ணைக் கொடு, புல்லைத் தருகிறோம் என்று சிலுவைமுனைக் கமிட்டி சொன்னது. இவர்கள் ஏதோ சொல்ல, அவர்கள் ஏதோ சொல்ல, சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அப்புறந்தான் பிளேவியா யாரிடமும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், மேடு கரையோரமாகப் பின்னால் போனது. பவுலீனம்மாள் வீட்டு வாசலில் நின்று, "மாமி, கல்லறைத் திருநாளுக்கு நான் வாரேன். காலையிலருந்து சாயங்காலம் வர உங்க கல்லறைக்கு முன்னால நிக்கேன், கடல் உள்ள வராது. நீங்க எல்லாரும் மெழுவுதிரி கொளுத்துங்க. எனக்குப் புல்லு குடுங்க," என்றிருக்கிறாள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேரம் பேசாமல் சரி என்றிருக்கிறாள்.

எங்கள் ஊர் கொதித்தது. போனால் விடமாட்டான்கள், பிடித்து வைத்துக்கொள்வான்கள், அப்புறம் நாம் வாயில் விரல் வைத்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான் என்று தொம்மை தலையிலடித்துக்கொண்டார். "சொல்லிட்டேன் மாமா, போகணும்," என்றாள் பிளேவியா. அக்கா தன் கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றி மகளுக்குப் போட்டுவிட்டாள். நான் மறுபடியும் துணைக்குப் போனேன், என் காலுக்கு வேறு என்ன வேலை.

கல்லறைத் திருநாள் அன்று பிளேவியா சிலுவைமுனையில் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். மேடு வந்து கல்லறைக்கும் கடலுக்கும் நடுவில் நின்றது. உள்ளே கிடந்த தண்ணீர் வடிய வடிய, சிலுவைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, சாய்ந்தும் சரிந்தும், பாசி பிடித்தும். ஜனங்கள் முதலில் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் துடைப்பமும் சுண்ணாம்புமாக உள்ளே இறங்கினார்கள், பிள்ளைகளுக்கு இது உன் தாத்தா, இது உன் சின்னையா என்று காட்டினார்கள், சிலர் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பவுலீனம்மாள் புருஷன் கல்லறையில் ஒட்டியிருந்த சிப்பியை எல்லாம் மீன் வெட்டுகிற கத்தியால் சுரண்டினாள், பேர் தெரிகிற வரைக்கும் சுரண்டினாள். மத்தியானம் அவளே சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து, பிளேவியாவுக்கு ஊட்டிவிட்டாள்.

சாயங்காலம் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்து முடிந்தது, கல்லறை முழுக்க மெழுகுதிரி எரிந்தது. பிளேவியா கரையேறி, விறைத்த காலோடு நடக்கத் தொடங்கினபோது, சிலுவைமுனை ஆம்பிளைகள் சிலர் வழியை மறித்து நின்றார்கள். கையில் ஒன்றும் இல்லை, மிரட்டவும் இல்லை, போகாதே என்பதுபோல நின்றார்கள். நான் பிளேவியாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வழிய விடுங்கலே," என்றாள் பவுலீனம்மாள். "சொன்ன சொல்லுக்கு வந்து நின்ன பிள்ளை. நம்ம சொன்ன சொல்லு என்ன ஆச்சு?"

விட்டார்கள். விட்டது மட்டுமில்லை, அந்த ஊர்ப் பெண்கள் புல்லை வேரோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் வரைக்கும் வந்தார்கள். வழியில் பிளேவியா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். மேடு விலகிய இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏற ஏற, மெழுகுதிரிகள் முன்வரிசையிலிருந்து அணைந்துகொண்டு வந்தன. பிளேவியா விசும்பி விசும்பி அழுதாள். "நட நட, ஈரத்துல நின்ன உடம்பு," என்று பவுலீனம்மாள்தான் அவள் முதுகைத் தட்டிக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேர் பிடிக்கவேண்டுமானால் மணல் அசையக் கூடாது, மணல் அசையாமலிருக்க பிளேவியா அசையக் கூடாது. ஆகவே மழைக்காலம் முழுவதும் அவள் கடற்கரையிலேயே இருந்தாள், வலை போட்டு வைக்கிற ஓலைக் கொட்டகையில், காற்றிலும் ஒழுகலிலும். வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் சேர்ந்துதான் குழி தோண்டின, ஆனால் ஒவ்வொரு வேரையும் மணலில் இறக்கி மூடியது அவள் கைதான், இந்தத் தடவை கையுறை இல்லாமல். கை முழுக்கக் கிழிந்தது, ஆறியது, மறுபடி கிழிந்தது. நான் தினமும் சோறு கொண்டுபோனேன். ஒருநாள் புயல் சின்னம் என்று எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குள் போகச் சொல்லி அரசாங்க ஆட்கள் வந்தார்கள். இவள் வரமாட்டேன் என்றுவிட்டாள், தொம்மை போய்க் கூப்பிட்டும் வரவில்லை, கடைசியில் அவரும் அந்தக் கொட்டகைக்குள்ளேயே குந்தவைத்து உட்கார்ந்துகொண்டார். அலை அன்றைக்கு மேட்டின் நெஞ்சு வரைக்கும் ஏறியது. மேடு நின்றது. கிளாட்வினுக்குப் பெண் கேட்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் கழிந்தது. புல் விறைத்துக்கொண்டு, உச்சியிலும் தோளிலும் பழைய மாதிரியே நின்றது. கிளம்புகிற நாள் வந்தது; மருத்துவச் சான்றைப் போகிற வழியில் தூத்துக்குடியில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

யாருக்கும் நம்பிக்கை இல்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது ஊரே பொட்டலில் கூடியிருந்தது, கடற்கரையைப் பார்த்தபடி. மேடு அசைந்தால் உடனே கத்து என்று என்னைத்தான் முன்னால் நிறுத்தியிருந்தார்கள், குரல் பெரிதல்லவா. நான் இமைக்காமல் பார்த்தேன். பின்னால் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மேடு அசையவில்லை. கதவு மூடுகிற சத்தம் கேட்டது. அசையவில்லை. பஸ் கிளம்பி, வளைவில் ஹாரன் அடித்து, சத்தம் தேய்ந்து போயிற்று, ஒரு மணல்கூட உருளவில்லை. பையன்கள் விசிலடித்தார்கள், தொம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் கைகொட்டிச் சிரித்தபடி, "ஏட்டி பிளேவியா, வரலடி," என்று சொல்லத் திரும்பினேன்.

ரோடு காலியாகக் கிடந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, இத்தனை பேர் கூடி நின்றும் அவள் போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை. சோறு சுமந்த நான்கூடப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் அக்கா மட்டும் நின்றாள்.

"என்ன சொல்லிட்டுப் போனா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. படியில ஒரு கால வச்சிக்கிட்டு மேட்டையே பாத்துக்கிட்டு நின்னா. கண்டக்டர் ரெண்டு தடவ விசில் அடிச்சாரு. அது வரலன்னு தெரிஞ்ச பொறவுதான் ஏறினா," என்றாள் அக்கா. பிறகு, "மொகம் செத்துப்போச்சு பிள்ளைக்கு," என்றாள்.

இராவணன் மீசை காய்க்கும். காய் பிள்ளைகள் தலை அளவுக்கு முள் உருண்டையாக இருக்கும், காய்ந்தால் அறுந்து காற்றில் கடற்கரை முழுக்க உருண்டோடும், அதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆடிக்காற்றில் அந்த வருஷமும் உருண்டது. கொஞ்சம் வடக்கே போய்ச் சிலுவைமுனைக் கல்லறை ஓரத்தில் தங்கி, அங்கே முழங்காலளவு மணல் சேர்ந்திருக்கிறது என்று பவுலீனம்மாள் சொல்லியனுப்பினாள். அது காற்று போகிற திசை, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மீதி உருண்டையெல்லாம் காற்றுக்கு எதிராக ஊருக்குள் ஏறி, தெற்குத் தெரு வழியாக வந்து, அக்கா வீட்டு வாசலில் சற்று நின்று, அப்புறம் நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போய் வரிசையாக நின்றன.

பிளேவியா போனில் கேட்டாள், "சித்தி, மேடு நிக்குதா?"

"நிக்குது."

"என்னத் தேடுதா?"

"பஸ்ஸுக்கு நிக்குதுவ உன் ஆளுங்க, இரி, என்னன்னு பாத்துட்டு வாரேன்," என்று வைத்துவிட்டுப் போனேன்.

பஸ் வந்தது. அதே கண்டக்டர். முள் உருண்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே இறங்கிக் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"கொச்சிக்கா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி," என்றேன். "டிக்கெட் என்ன ஆகுதுன்னு சொல்லுங்க, நான் எடுத்துருதேன்."